அவளைக் கேட்டீங்களா?

'கர்ப்பப்பையை எடுத்துட்டா ஒரேயடியா நிம்மதி!'

மனவளர்ச்சி குன்றிய பெண் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்கள் இதைச் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவர்கூட கல்நெஞ்சக்காரர் இல்லை. மகளுக்கு இருபது வயதான பிறகும் தலை பின்னிவிட்டு, பல் தேய்த்துவிட்டு, ராத்திரி அவள் எழுந்து நடமாடினால் தானும் எழுந்து உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டவர்கள். அதனால்தான், 'அய்யய்யோ, என்ன கொடுமை!' என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

'மனவளர்ச்சி குன்றியவர்' என்று நாம் பொதுவாகச் சொல்வதை இப்போது 'அறிவுசார் குறைபாடு' என்கிறார்கள். மனநோய் வேறு, இது வேறு. இதிலும் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தனியாக பஸ் ஏறி வேலைக்குப் போய், சம்பளத்தை எண்ணி வாங்கி, அம்மா கையில் கொடுப்பவர்கள் உண்டு. தாகம் எடுத்தால் அதைச் சைகையில்கூடச் சொல்லத் தெரியாதவர்களும் உண்டு. ஆனால், கர்ப்பப்பை என்ற பேச்சு வந்ததும் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

திருச்சி பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா தனியாக வந்தார். மகளுக்குப் பதினாலு வயது. வயசுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

"மத்த பொண்ணுங்களுக்கெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்தி, தாய்மாமன் சீரு வெச்சு ஊரையே கூப்பிடறோம். இவளுக்குப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாம மறைச்சேன் மேடம். மாசாமாசம் துணியைப் பிடுங்கி எறிஞ்சுடுறா. ஒரு டாக்டர் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். எடுத்துடலாமா?"

"மாசாமாசம் படற கஷ்டத்துக்காகவா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அது மட்டும் இல்லீங்க. நான் வேலைக்குப் போயிடறேன். வீட்டுக்கு நாலு பேரு வந்து போறாங்க. யாராச்சும் ஏதாச்சும் பண்ணிட்டா...?"

"எடுத்துட்டா யாரும் எதுவும் பண்ண மாட்டாங்களா?"

"பண்ணுவாங்கதான். ஆனா, வயித்துல தங்காது இல்லீங்களா?"

அந்தக் கடைசி பதிலைத்தான் நாம் எல்லோரும் யோசிக்கவேண்டும். அந்த அம்மாவுக்கு உண்மை தெரியும். ஆபரேஷன் மகளைக் காப்பாற்றாது. நடந்தது வெளியே தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும்.

இன்னும் கொஞ்சம் யோசித்தால் பயமாக இருக்கிறது. இந்த மாதிரிப் பெண்களிடம் தப்பாக நடப்பவன் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்த முகம் தெரியாத ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து போகிறவன், வேனில் கூட்டிப் போகிறவன், 'மாமா' என்று அவள் கூப்பிடப் பழக்கப்பட்டவன். ஆபரேஷன் நடந்ததும் அவனுக்குத்தானே முதலில் தெரியும்? வாயால் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு, அவளுடைய உடம்பு ஒன்றுதான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டால் அவனுக்கு என்ன பயம்?

மாதவிடாய்க் கஷ்டம் தனி. அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பள்ளியின் ஆசிரியைகள் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாப்கினில் குங்குமம் கரைத்த தண்ணீரைத் தெளித்து, 'சிவப்பா இருந்தா மாத்தணும்' என்று காட்டுகிறார்கள். அந்த நாட்களுக்கு என்று ஒரே நிறத்தில் உள்ளாடை, ஒரே இடம், ஒரே வரிசை. முதலில் கதவைச் சாத்து, அப்புறம் மாற்று, அப்புறம் சுற்றிக் கூடையில் போடு, அப்புறம் கை கழுவு. ஒரு மாதத்தில் வந்துவிடாது. ஒரு வருடம்கூட ஆகலாம். ஆனால், பல் தேய்க்கக் கற்றுக்கொண்ட பல பெண்கள் இதையும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். துணியைப் பிடுங்கி எறிகிற பெண்ணுக்கு ஈரத் துணி உரசித் தொடையில் புண்ணாகியிருக்கலாம். அதைச் சொல்லத் தெரியாமல்தான் எறிகிறாளோ என்னவோ!

எவ்வளவு முயன்றும் முடியாதவர்களுக்கு உதிரப்போக்கைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு நல்ல நிலையில் உள்ள கர்ப்பப்பையை அறுத்து எடுப்பது சின்ன விஷயம் இல்லை. பெரிய ஆபரேஷன். மயக்க மருந்து, தையல், வலி எல்லாம் உண்டு. சினைப்பையை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நின்றுபோகும் காலத்து உடல் மாற்றங்கள் சீக்கிரமே வரக்கூடும். சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் இள வயதிலேயே எலும்பு பலவீனமாகும். கட்டி, புற்றுநோய் என்று காரணம் இருந்தால் எந்தப் பெண்ணுக்கும் செய்வதைப் போல இவளுக்கும் செய்யட்டும். 'பார்த்துக்க ஆள் இல்லை' என்பது ஒரு நோயா?

அப்படி ஒரு காரணத்துக்காகவே நம் நாட்டில் செய்திருக்கிறார்கள். 1994 பிப்ரவரியில், மகாராஷ்டிராவில் ஷிரூர் என்ற ஊரிலிருந்த விடுதியிலிருந்து மனவளர்ச்சி குன்றிய பெண்கள் சிலரை புனேவின் சாசூன் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, வரிசையாகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாதவிடாய் நாட்களில் அவர்களால் சுத்தமாக இருக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். விஷயம் வெளியே வந்து, பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகு மீதி ஆபரேஷன்கள் நின்றன. ஆயாக்களைக் கூடுதலாக வேலைக்கு வைப்பதற்குப் பதில் பெண்களின் உறுப்பை எடுப்பது சுலபம் என்று படித்தவர்களுக்கே தோன்றியிருக்கிறது. அப்போது அது பெரிய விவாதமானது. ஆனால், அந்தப் பெண்களில் யாராவது என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பத்திரிகையிலும் நான் படித்த ஞாபகம் இல்லை.

முதன்முறையாக அப்படி ஒரு பெண்ணின் பேச்சு சுப்ரீம் கோர்ட் வரை போய் எடுபட்டது 2009-ல்.

சண்டிகரில் அரசு விடுதியில் இருந்த அநாதைப் பெண் அவள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். அந்த வருடம் மே மாதம் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. விடுதிக்குள்ளேயே பலாத்காரம் நடந்திருக்கிறது. கருவைக் கலைத்துவிட அனுமதி வேண்டும் என்று சண்டிகர் நிர்வாகம் பஞ்சாப் - ஹரியானா ஹைகோர்ட்டுக்குப் போனது. நிபுணர் குழு அந்தப் பெண்ணிடம் பேசிப் பார்த்தது. அவள் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறாள் என்று அறிக்கை கொடுத்தது. அப்படியும் கலைக்கச் சொல்லித்தான் உத்தரவு வந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஐந்து மாதத்தை நெருங்கும் கர்ப்பம். ஜூலை 21 அன்று கருக்கலைப்புக்குத் தடை போட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று விரிவான தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணனோடு அமர்ந்த இரண்டு பேரில் ஒருவர், நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான பி.சதாசிவம்.

தீர்ப்பு சொன்னது இரண்டு விஷயம். குழந்தை பெற்றுக்கொள்வதா, வேண்டாமா என்று முடிவு செய்வது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம். அடுத்தது, கருக்கலைப்புச் சட்டத்தில் மனநோயாளிக்குப் பதிலாக கார்டியன் சம்மதம் தரலாம் என்று இருக்கிறது. மனவளர்ச்சி குன்றியவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பியவள் என்றால் அவளுடைய சம்மதம்தான் வேண்டும்.

'யாருங்க அந்தப் புள்ளையை வளர்க்கறது?' என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 'ஆட்டிஸம், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக உள்ள தேசிய அறக்கட்டளை உதவத் தயார்' என்று கோர்ட்டிலேயே சொல்லப்பட்டது. அந்த டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. 2012-ல் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. தண்டிக்கப்பட்டவர்களில் அவளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கிய ஊழியர்களும் உண்டு!

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண் 'எனக்கு இது வேணாம்' என்று சொல்லியிருந்தால், அதே தீர்ப்பின் நியாயப்படி கருவைக் கலைக்க அவளுக்கு உரிமை இருந்திருக்கும். 'பெத்துத்தான் ஆகணும்' என்று சொல்லவும் யாருக்கும் அதிகாரம் இல்லை.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. 'கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்' என்று லேசான குறைபாடு உள்ள பெண்ணை, மாப்பிள்ளை வீட்டில் பாதி சொல்லி, மீதி மறைத்துக் கட்டிக்கொடுத்துவிடுகிறோம். பத்தாவது மாதம் குழந்தை. அதற்கு அடுத்த மாதமே, 'இவளுக்கு ஒண்ணு போதும்' என்று மாமியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வருகிறார். பெற்றுக்கொள்ளச் சொன்னதும் மற்றவர்கள், நிறுத்தச் சொன்னதும் மற்றவர்கள்.

அப்படி ஒரு சம்பவத்தைக் கிராமத்தில் வேலை பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் எனக்குச் சொன்னார். முதல் பிரசவம் முடிந்த பெண்ணை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யவேண்டும் என்று மாமியார் கூட்டிவந்திருக்கிறார். "கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று அவரை அனுப்பிவிட்டு, இவர் மேஜை மேல் மாத்திரை அட்டை, ஊசி, காப்பர் டி எல்லாவற்றையும் பரப்பிவைத்திருக்கிறார். எது என்ன செய்யும் என்று தொட்டுக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. இரண்டாவது தடவை, "வலிக்குமா?" என்று கேட்டாள். மூன்றாவது தடவை நர்ஸம்மா கேட்டார்: "இன்னொரு பாப்பா வேணுமா கண்ணு, வேணாமா?"

"வேணும்க்கா. இப்ப வேணாம். இந்தப் பாப்பா ஸ்கூலுக்குப் போவட்டும்."

குடும்பக் கட்டுப்பாட்டு இலாகா இத்தனை வருடம் சுவரெல்லாம் எழுதியதை அந்தப் பெண் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்! மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியை அவளே தேர்ந்தெடுத்தாள். "தேதியை அவங்க வீட்டு காலண்டர்ல வட்டம் போட்டுக் குடுத்தேன். மாமியார் மறந்தாலும் அவ மறக்கறதில்லை" என்றார் நர்ஸம்மா.

மூன்று தடவை உட்கார்ந்து பேச அந்த நர்ஸம்மாவுக்கு நேரம் இருந்தது, அல்லது நேரத்தை உண்டாக்கிக்கொண்டார். அவசர அவசரமாக ஓபி பார்க்கிற இடத்தில் இது நடக்குமா என்று கேட்கலாம். நடக்கவேண்டும். ஏனென்றால், எது பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்தப் பெண்களில் பலருக்கு வலிப்பும் இருக்கும். வலிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். காப்பர் டி போட்டால் உதிரப்போக்கு அதிகமாகலாம். ஹார்மோன் உள்ள காயில், உதிரப்போக்கைக் குறைக்கும், விலை அதிகம். 'அந்தரா' என்ற பெயரில் அரசு இலவசமாகப் போடும் ஊசியில் மாதவிடாய் முன்னே பின்னே ஆகும், பலருக்கு நாளடைவில் நின்றேகூடப் போகும். ஆனால், வருடக்கணக்கில் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும் என்பதால் டாக்டர் கண்காணிக்கவேண்டும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன் பிறகு வாரம் ஒன்று என்ற கணக்கில் சாப்பிடும் 'சாயா' மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. நாள் தவறாமல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். பால்வினை நோய்களிலிருந்து காப்பாற்றுவது இவற்றில் எதுவும் இல்லை; அதற்கு ஆணுறைதான். பலாத்காரத்திலிருந்து காப்பாற்றும் கருத்தடைச் சாதனத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்டது. அதைப் பின்பற்றி 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, குழந்தை பெறும் தன்மையை இழக்கச் செய்யும் எந்தச் சிகிச்சையையும், சம்பந்தப்பட்டவர் விஷயம் புரிந்து, சுதந்திரமாகச் சம்மதிக்காமல் செய்யக்கூடாது என்கிறது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்கும்படி அரசு பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு அவள் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் கருக்கலைப்பு செய்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை ஜெயில். குறைபாடு மிகத் தீவிரமாக இருந்து, டாக்டரின் கருத்தும் கார்டியனின் சம்மதமும் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

"எங்கிட்டதான் கலெக்டர் கமிட்டி குடுத்த கார்டியன் சர்ட்டிஃபிகேட் இருக்கே!" என்று சில அப்பாக்கள் சொல்வார்கள். அது வங்கிக் கணக்குக்கும் சொத்துக்கும் பராமரிப்புக்கும் உதவும். மகளின் கர்ப்பப்பையைப் பட்டா போட்டுக் கொடுத்த பத்திரம் இல்லை அது.

சரி, ஒன்றுமே சொல்லத் தெரியாத பெண் என்றால்? கடினமான கேள்வி. எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருப்பதாகப் பாவனை செய்யப்போவதில்லை. ஆனாலும், படத்தைக் காட்டிக் கேட்கலாம். சைகையில் கேட்கலாம். அவளை நன்றாகப் புரிந்த ஆசிரியை ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, அவள் முகம் எப்போது சுருங்குகிறது என்று பார்க்கலாம். மாற்ற முடிகிற வழிகள் இருக்கும்போது மாற்ற முடியாததைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். 'அவளுக்கு நல்லது' என்று நாம் சொல்லும்போது, உண்மையில் அது யாருக்கு நல்லது என்று நம்மை நாமே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

அந்த அம்மாக்களைத் தனியாக விட்டுவிட்டு அவர்களுக்கு உபதேசம் மட்டும் செய்வது அயோக்கியத்தனம். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் மகள் பத்திரமாக இருக்க, நடந்து போகிற தூரத்தில் ஒரு பகல்நேரக் காப்பகம் வேண்டும். 'எனக்கு அப்புறம் இவளை யார் பார்ப்பா?' என்ற கேள்வி அவரை ராத்திரி தூங்க விடுவதில்லை. அதற்கு அரசாங்கமும் நாமும் பதில் சொல்லவேண்டும். பதில் இல்லாத ஊரில்தான் ஆபரேஷன் தியேட்டர் நிம்மதியாகத் தெரிகிறது.

இந்தப் பெண்களைப் புகழும்போது நாம் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "பாவம், சொன்ன பேச்சைக் கேப்பா. உக்காருன்னா உக்காருவா, எழுந்திருன்னா எழுந்திருப்பா." ஆசிரியைகள் இதைக் கேட்டால் பதறுகிறார்கள். யார் எதைச் சொன்னாலும் கேட்கப் பழக்கியிருக்கிறோம். தப்பான எண்ணத்தோடு வருகிறவனுக்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

அதனால், உடம்பு உறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதோடு, 'வேணாம்' என்ற சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். அதை அவள் சொன்னால் வீட்டில் எடுபடவேண்டும். தினமும் என்ன சட்டை, என்ன டிபன், எந்த டி.வி. சேனல் என்று எதையுமே கேட்காமல் இருபது வருடம் வளர்த்துவிட்டு, ஒருநாள் திடீரென்று 'குழந்தை வேணுமா, வேணாமா?' என்று கேட்டால் அவள் விழிக்கத்தான் செய்வாள்.

நாளைக்குக் காலையில் இட்லியா, தோசையா என்று கேட்டுப் பாருங்கள். தோசை என்றால், மாவு புளித்திருந்தாலும் தோசையே வார்த்துக் கொடுங்கள்.